பதக்கம் தைக்கும் ரெபேக்காள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், மேலகரத்துக்குள் நுழைந்ததும் ஒரு தையல் மிஷின் சத்தம் கேட்கும். அதுதான் ரெபேக்காள் வீடு. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை எல்லாம் தைப்பாள். ஆனால் அவள் பேர் வாங்கியது அவற்றால் அல்ல. பட்டாளத்துப் பதக்கங்களுக்கு நாடா மாற்றித் தைக்க அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. கலெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், முதல் யுத்தத்துப் பென்ஷன்காரர்கள் முந்தின வாரமே அவள் வாசலில் கூடிவிடுவார்கள். நாடா நைந்திருக்கும், ஊக்கு துருப்பிடித்திருக்கும். சிலருக்குப் பதக்கத்தில் எது முன்பக்கம் என்பதே மறந்து போயிருக்கும்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பதக்கம் கைக்கு வந்த உடனே ஊசியில் நூலைக் கோக்க மாட்டாள். முக்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுவாள்.

"இது எங்கன கெடச்சுது, எதுக்குக் கெடச்சுதுன்னு சொல்லும். கேட்டாத்தான் எனக்குத் தையல் நேரா விழும்."

வீரகேரளம்புதூரிலிருந்து முத்துராமலிங்கம் என்று ஒருவர் வருவார். மீசையைப் பார்த்தால் பாக்தாத் கோட்டையை அவர்தான் தனியாளாகப் பிடித்தார் என்று தோன்றும். ரெபேக்காள் விடாமல் கேட்டதில், யுத்தம் பூராவும் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியதுதான் அவர் வேலை என்று வெளியே வந்தது. மனிதர் கூசிப் போனார். ரெபேக்காள் சிரிக்கவில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் அத்தனை குதிரைக்குத் தண்ணீர் எங்கே எடுத்தார் என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவருடைய பதக்கத்தை மற்ற யாருடையதையும் விட அழகாகத் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த மீசை தண்ணீர் காட்டிய கதையைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

இந்தப் பித்து அவளுக்கு அவள் புருஷனால் பிடித்தது. ஆசீர்வாதம் என்று பேர். கல்யாணமான சூட்டிலேயே சுமைகூலிப் படையில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போனான். அங்கே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். நாலைந்து வருஷம் கழித்துத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் துணியில்லாத ஒரு ஆள். எதிர்வீட்டுச் சிப்பாய்க்கும் அதே போல் வந்தது. அதே ராஜா, அதே குதிரை, அதே அம்மணக்காரன். ஆனால் அது வெள்ளி.

ஏன் என்று ரெபேக்காள் கேட்காத ஆள் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்திருந்த ஒரு கிழட்டுத் துரையின் பங்களாவுக்குத் திரைச்சீலை தைக்கப் போனபோது அவரிடம் கேட்டாள். அவர் தகடைத் திருப்பிப் பார்த்துவிட்டு, துப்பாக்கி தூக்கியவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கியவனுக்கு வெண்கலம் என்று சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல. செத்தவனுக்கு என்ன வெள்ளி, என்ன வெண்கலம் என்று ஆத்திரமாக இருந்தது. அதன் பிறகு எந்தப் பதக்கத்தைப் பார்த்தாலும் யாருடையது, எதற்காக என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் நகர முடியவில்லை.

பாத்திரக் கடைகளில் பழைய உலோகத்தோடு பதக்கங்களும் சட்டை வில்லைகளும் வந்து விழும். அவற்றைக் கேட்டு வாங்குவாள். பதிலுக்குக் கடைக்காரர் வீட்டுத் தலையணைகளுக்கெல்லாம் உறை தைத்துக் கொடுப்பாள். ஒரு பலகையில் கறுப்பு வெல்வெட்டை இழுத்துக் கட்டி அதில் வரிசையாகக் குத்தி வைத்தாள். எதைப் பார்த்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவாள். மார்பில் தொங்குவதற்கு வளையம் இருக்கும், தோளில் மாட்டுவதற்குக் கொக்கி இருக்கும், தொப்பியில் குத்துவதற்குக் கம்பி இருக்கும். சொந்தக்காரர் வீட்டிலிருந்து யாராவது தேடி வந்தால் பேசாமல் கழற்றிக் கொடுத்துவிடுவாள். பதக்கம் சேர்க்கிற மற்றவர்கள் பலகை வருஷத்துக்கு வருஷம் நிறையும். இவள் பலகை நிறைந்ததே இல்லை.

இரண்டாம் யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பிய நேரத்தில் அவளிடம் மசூது வந்தான். தென்காசித் தறிக்காரத் தெருப் பையன், பட்டாளத்தில் லாரி டிரைவர். பாரசீகத்து மலைகளைத் தாண்டி ரஷ்யாவுக்குச் சாமான் கொண்டுபோன லாரிகளில் ஒன்று அவன் ஓட்டியது. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தான். சிவப்பு இனாமல் பூசிய ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் பித்தளையில் அரிவாளும் சுத்தியலும். யுத்த காலத்தில் தாலுகா ஆபீஸ் சுவரில் நேச நாடுகளின் கொடிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தவள் என்பதால் நாடு எது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ரசியாக்காரன் குடுத்தது, அக்கா. கணவாயில பனி. அவன் லாரி சறுக்கி அந்தரத்துல நிக்கி. நாந்தான் சங்கிலியப் போட்டு இழுத்தேன். பெரிய ஆபீசரே வந்து எனக்குக் குத்திவிட்டாரு. பட்டம்!"

ரெபேக்காள் நட்சத்திரத்தைத் திருப்பினாள். பின்னால் மடக்கிவிடுகிற மாதிரி இரண்டு மெல்லிய பித்தளைக் கம்பிகள். வளையம் கிடையாது, நாடாவுக்கு இடம் கிடையாது. தொப்பியில் குத்துகிற சாமான்.

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அச்சுக் குலையாமல் அதே போல் இன்னொன்று அவள் மிஷின் டிராயரில் கிடந்தது. அதே லாரிப் படையில் இருந்த அச்சன்புதூர் மாடக்கண்ணு போன மாதம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு டப்பா சிகரெட்டுக்கு மாற்றிக்கொண்டதாம். ரஷ்யாக்காரர்கள் பட்டாளத்தில் எல்லாப் பயல் தொப்பியிலும் இது இருக்கும் என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் மசூதின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பர்மாவுக்குப் போனவனுக்குச் சர்க்காரிடமிருந்து நட்சத்திரப் பதக்கம் வந்தது, ஆப்பிரிக்காவுக்குப் போனவனுக்கும் வந்தது. பாரசீகத்தில் வண்டி ஓட்டியவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனிடம் இருந்தது இந்த ஒன்றுதான்.

"நல்ல நட்சத்திரம்லே," என்று மட்டும் சொன்னாள். அவன் போன பிறகு மாடக்கண்ணு கொடுத்ததை எடுத்து நூல்கண்டு டப்பாவின் அடியில் போட்டு மூடினாள்.

பத்து நாளைக்குள் மசூதின் பெண்டாட்டி ஹைருன் பீவி அதே நட்சத்திரத்தோடு வந்தாள், கூடவே ஒரு பச்சைப் பட்டுத் துணியும். புருஷன் உயிரோடு திரும்பினால் அவன் கொண்டுவருவதில் சிறந்ததைத் தர்காக் கொடியில் வைப்பதாக அவளுக்கு ஒரு நேர்ச்சை.

"கொடியில இதத் தச்சுக் குடுங்கக்கா. பாருங்களேன், நட்சத்திரத்துக்குள்ள பிறை! ரசியாவுலயும் நம்ம ஆளுக இருக்காக போல."

"ஏட்டி, அது பிறை இல்ல. அரிவாளு. குறுக்க கெடக்கது சுத்தியல்."

"அரிவாளக் கொண்டுபோயி யாராவது பட்டத்துல வைப்பாகளா? சும்மா இருங்கக்கா. குறுக்க கெடக்கது ஏதோ எழுத்து."

ஹைருன் பீவி தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குத் தார் நூல் சுற்றிய கைக்கு அறுப்பு வயல் பழக்கமில்லை. பிறையை மட்டும் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ரெபேக்காளுக்குச் சிரிப்பு வந்தது. நேர்ச்சை என்று வந்தவளிடம் என்ன வழக்கு பேசுவது? நட்சத்திரம் அவர்களுடையது, வேண்டுதலும் அவர்களுடையது. பச்சைப் பட்டின் மேல் மூலையில் கம்பிகளைக் குத்தி மடக்கி, விழாமல் சிவப்பு நூலால் கட்டியும் கொடுத்தாள். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னத் தர்காவில் வருஷா வருஷம் கந்தூரித் திருவிழாவுக்கு அந்தக் கொடி ஏறியது.

மசூது குற்றாலம் பஸ்ஸுக்கு டிரைவரானான். சீசன் கூட்டத்துக்குக் கதை சொல்ல அவனைப் போல் ஆள் கிடைக்காது. ஆனால் கதைதான் சாரல் விழ விழ வளர்ந்தது. ஒரு லாரி மூன்று லாரியாயிற்று. ஆபீசர் தளபதியானார். கடைசியில் ரஷ்ய சர்க்காரே அவனை மேடையில் ஏற்றிப் பட்டம் கொடுத்ததாக வந்து நின்றது. பஸ்ஸில் போகும்போது ரெபேக்காள் அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று மனசு குத்தும். சொல்லி என்ன ஆகப்போகிறது, பொய்யால் யாருக்கு நஷ்டம் என்றும் அதே மனசு சமாதானம் சொல்லும்.

நாற்பத்தொன்பதில் நஷ்டம் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. அரிவாள் சுத்தியல் வரைந்த தாளை வைத்திருந்தவர்கள் கூட அடுப்பில் போட்டு எரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கந்தூரி வந்தது, கொடி ஏறியது. பாதுகாப்புக்கு வந்திருந்த புது சப்-இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலையில் கொடியும் ஸ்டேஷனில், மசூதும் ஸ்டேஷனில்.

ஹைருன் பீவி தலைத்துணி விலகியது தெரியாமல் மேலகரத்துக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, மத்தியானம் அவுகளத் திருநெவேலிக்குக் கொண்டு போறாகளாம். ரசியா சர்க்காருக்கு ஆளுன்னு சொல்லுதாக. நாந்தான் கொடியில வச்சேன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்காக. போனா எப்ப விடுவாகன்னே தெரியாதாம்."

ரெபேக்காள் மிஷினிலிருந்து எழுந்து நூல்கண்டு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

ஸ்டேஷனில் மசூது சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். மேஜைமேல் பச்சைக் கொடி விரிந்து கிடந்தது. பால்வண்ணநாதன் கத்துகிற ஆள் இல்லை. கவலைப்படுகிற ஆள்.

"நான் என்னம்மா செய்ய? யாரோ புழுகுனதுன்னா விட்டுருவேன். இவனே பஸ்ஸுல ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கான், ரஷ்ய சர்க்கார் பட்டம் குடுத்துச்சுன்னு. எந்த சர்க்காரும் சும்மா பட்டம் குடுக்காது. அவங்களுக்கு இவன் என்ன செஞ்சான், இப்ப என்ன செய்யுதான்னு மேல கேக்காங்க. இவன் கிட்ட கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கான்."

மசூது வராந்தாவைப் பார்த்தான். அங்கே ஹைருன் பீவி நின்றுகொண்டிருந்தாள். அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பது ரெபேக்காளுக்குப் புரிந்தது. ஜெயிலுக்குக் கூடப் போவான், பெண்டாட்டி முன்னால் அந்தப் பட்டத்தை விடமாட்டான். அவனாக விடாவிட்டால் ரெபேக்காள்தான் பிடுங்க வேண்டும். ஆசீர்வாதத்தின் வெண்கலத்தைப் பார்த்து அழுதவள், இன்னொருவன் நெஞ்சிலிருந்து இருப்பதையும் பறிப்பதா? அவள் கை மடிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மாடக்கண்ணுவின் நட்சத்திரத்தை எடுத்து, கொடியில் இருந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இது பட்டம் இல்ல ஐயா."

"அக்கா!" என்றான் மசூது.

"இதுவும் அதே நட்சத்திரந்தான், ஐயா. ரசியாப் பட்டாளத்துல எல்லாச் சிப்பாயும் தொப்பியில குத்துறது. உங்க தொப்பிக்கு முன்னால இருக்குல்லா, அது மாதிரி. இத அச்சன்புதூர்க்காரன் ஒருத்தன் சிகரெட் டப்பாவுக்கு மாத்திக்கிட்டு வந்தான். யுத்தத்துல ரெண்டு பட்டாளமும் ஒண்ணாத்தான் வேலை செஞ்சுது. இது வச்சிருக்கவனெல்லாம் கட்சிக்காரன்னா என்னையும் சேத்துக் கொண்டு போங்க, நானும் வச்சிருக்கேன்."

பால்வண்ணநாதன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜைமேல் இருந்த தன் தொப்பியை எடுத்து அதன் வில்லையின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சரி. அப்ப இவனுக்கு எப்படிக் கெடச்சுது? சிகரெட்டுக்கா?"

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது. ஏலே மசூது, எம் மேல கோவம் இருந்தா பெறகு ஏசிக்க. இப்ப உள்ளதச் சொல்லு."

மசூது சொன்னான், வராந்தாவுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான். கணவாயில் சறுக்கியது ரஷ்யாக்காரன் லாரி இல்லை, அவனுடையது. முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. கைகால் விளங்காதவன் போலப் பனியில் உட்கார்ந்து உம்மாவைக் கூப்பிட்டு அழுதான். எதிரே காலி வண்டியில் வந்த ஒரு ரஷ்ய டிரைவர் இறங்கி, இவனைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்து, இவன் லாரியைத் தானே ஓட்டி மலையடிவாரம் வரை கொண்டுவந்து விட்டான். இவனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அவன் தன் தொப்பியைக் கழற்றி, நட்சத்திரத்தைப் பிடுங்கி, இவன் தொப்பியில் குத்தினான். தோளைத் தட்டி, ஸ்டியரிங்கைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, தன் வண்டியை எடுக்க அந்த ஏற்றத்தில் திரும்பி நடந்தே போனான்.

"அதுக்குப் பெறகு எனக்குப் பயம் வரல்ல, ஐயா. யுத்தம் முடியுத மட்டும் அதே கணவாயிலதான் ஓட்டுனேன். அவ்வளவுதான். பட்டமெல்லாம் நாங் கட்டுனது."

பால்வண்ணநாதன் தன் தொப்பியை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"வில்லை இல்லாத தொப்பியோட அந்த ரஷ்யாக்காரன் முகாமுக்குப் போயிருப்பாம்லா?" என்றார். "எங்க போலீஸ் லைன்ல ஒரு கான்ஸ்டபிள் இதத் தொலைச்சுட்டு வந்தாலே நாங்க சும்மா விடமாட்டோம். அதுவும் யுத்த காலம், பட்டாளம். என்ன தண்டனை குடுத்தாங்களோ. அது தெரிஞ்சுதானே பிடுங்கிக் குடுத்துருப்பான்?"

இத்தனை வருஷத்தில் மசூதுக்கு அது தோன்றியதே இல்லை. ரெபேக்காளுக்கும் தோன்றியதில்லை. அத்தனை பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தவள், பிடுங்கிக் கொடுத்தவனுக்கு என்ன ஆனது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மசூது சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகையை அடக்க அவன் பார்க்கவுமில்லை.

யுத்த காலத்துத் தொப்பி வில்லை, பிறை என்று நினைத்துப் பெண்பிள்ளை கொடியில் வைத்தது என்று பால்வண்ணநாதன் மேலே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். தடை நீங்கும் வரை கொடியில் மட்டும் வேண்டாம் என்றார். ரெபேக்காள் அங்கேயே தன் சிறு கத்தரியால் சிவப்பு நூலை அறுத்து, கம்பிகளை நிமிர்த்தி, நட்சத்திரத்தைப் பட்டு கிழியாமல் எடுத்தாள். அதை மசூதிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீங்களே உங்க பலகையில வச்சுக்கிடுங்கக்கா. எனக்கு என்ன யோக்கியத இருக்கு?"

"எம் பலகையில இருக்கதெல்லாம் ஆள் இல்லாத சாமான்லே. இதுக்கு நீ இருக்க. புடி," என்று அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

வெளியே சாரல் பிடித்திருந்தது. மசூது பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தான். ஏசப்போகிறாள் என்று ரெபேக்காளும் நினைத்தாள். பொய்யைப் பற்றி ஹைருன் பீவி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவுக பேரு என்ன?" என்றாள்.

"யாரு?"

"தூக்கி உக்கார வச்சாகள்லா, அவுக."

மசூது நின்றான். அவன் பெருக்கிச் சொன்ன கதை ஒன்றில்கூட அந்தப் பேர் வந்ததில்லை.

"வாசிலி."

"இத்தன வருசமா அந்தக் கொடிக்குக் கீழ நின்னு உங்களுக்கு மட்டும் துஆ கேட்டுருக்கேன். அந்தப் புள்ள அங்கன என்ன பாடு பட்டுச்சோ. பேரச் சொல்லியிருந்தீகன்னா அதுக்கும் சேத்துக் கேட்டுருப்பேம்லா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் மலையடிவாரப் பாதையில் திரும்பினாள். மசூது நட்சத்திரத்தைக் கையில் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனான். ரெபேக்காள் அதுவரை அந்தத் தர்காவுக்குள் கால் வைத்தவள் இல்லை. அன்றைக்கு அவளும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

யாருக்காகத் துஆ ஓத வேண்டும் என்று தர்கா லெப்பை கேட்டார். ஹைருன் பீவி புருஷனைப் பார்த்தாள். மசூது பஸ்ஸில் கதை சொல்லுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பேரைச் சொன்னான்.